ஜெராய் மலை அருவிகள்: மலையைப் பார்த்துவிட்டு இறங்குவது

சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார் நோக்கி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு, பீடோங் நெருங்கும்போதே இடப்பக்கம் ஜெராய் மலை முழு உருவத்தோடு தெரியும். உயரம் 1,217 மீட்டர். சுற்றிலும் வயலும் செம்பனையும் மிச்சமிருக்கும் கித்தா மரங்களும்தான். எந்த மலைத்தொடரோடும் சேராமல், கடலுக்கு மிக அருகே தனியே எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்காலக் கப்பல்களுக்கு இதுதான் கரையின் அடையாளம். பீடோங், செமெலிங், குரூண் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வானிலை அறிக்கையும் இதுதான். உச்சி மூடினால் மழை வரும் என்று பால்மரம் வெட்டப் போனவர்கள் விடியுமுன் அண்ணாந்து பார்த்து முடிவு செய்தார்கள்.

அருவிக்குப் போகிற குடும்பமும் அதையேதான் செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லா வழிகளும் நேரங்களும் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்தவை.

உலகத்தின் பேர்பெற்ற அருவிகள் பல பனிமலையில் பிறப்பவை. ஐஸ்லாந்தில் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ், எய்யாஃபியாலயோகுல் என்ற பனிமூடிய எரிமலையிலிருந்து இறங்கும் நீர். பத்ரிநாத் யாத்திரை போகிற நம்மவர்கள் மானா கிராமத்துக்கு அப்பால் நடந்து பார்த்துவிட்டு வரும் வசுதாராவும் இமயத்துப் பனியில் பிறந்ததுதான். அங்கெல்லாம் ஆற்றை நடத்துவது வெயில். காலையில் நீர் ஒடுங்கியிருக்கும், பகலில் பனி உருக உருக மாலையில் பெருகும். வழிகாட்டிகள் ஓடையைக் கடக்கும் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிடச் சொல்வது அதனால்தான்.

கெடாவில் பனியில்லை. இங்கே ஆற்றை நடத்துவது மேகம். ஆனால் கணக்கு வியப்பூட்டும் விதத்தில் ஒன்றாகவே வருகிறது. காலையில் வெயில் ஏற, கடலிலிருந்து ஈரக்காற்று மலைமேல் ஏறிக் குளிர்கிறது. நண்பகலுக்குப் பிறகு உச்சியில் மேகம் திரண்டு, பிற்பகலில் கொட்டுகிறது. காரணம் வேறு, கடிகாரம் ஒன்று. ஜெராய் அருவிக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு நீரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு, ஒரு மணிக்குள் கரையேறிவிட வேண்டும். சாப்பாட்டை ஆற்றங்கரையில் வைத்துக்கொள்ளாமல் திரும்பும் வழியில் ஊரில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பருவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வடமேற்குக் கரையில் டிசம்பர் பிற்பாதி தொடங்கி பிப்ரவரி வரை வறண்ட காலம். அருவி மெலிந்திருக்கும், ஆனால் பாறைகள் வெளியே தெரியும், குளங்கள் கண்ணாடியாக நிற்கும், பிள்ளைகளோடு போவதற்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழை. அருவியின் முழு ஆவேசத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அக்டோபரில் வரலாம். ஆனால் அது பார்வைக்கான மாதம், குளியலுக்கானதல்ல.

கிழமையும் முக்கியம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், மறந்ததால் அவர்களுக்கு நன்மையும் உண்டு. ஞாயிறு இங்கே பள்ளியும் அலுவலகமும் நடக்கிற நாள் என்பதால் உள்ளூர்க் கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும். பள்ளி விடுமுறையில் வரும் சனிக்கிழமைதான் எல்லாவற்றிலும் நெரிசலானது.

மலையைச் சுற்றி மூன்று பக்கமும் அருவிகள் உண்டு. மேற்குச் சரிவில், யான் ஊருக்கு அருகே தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி. தெற்கே மெர்போக் பக்கம் தூப்பா. அதற்குப் பக்கத்திலேயே பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டி ஓடும் சிற்றாறு. கிழக்கே குரூணிலிருந்து மலைமேல் ஏறும் தார்ச்சாலை, உச்சிக்கு அருகே விடுதிக்கும் சுங்கை தெரோய் வனப் பூங்காவுக்கும் கொண்டுபோய் விடுகிறது.

இவற்றில் எதுவும் ஒரே பாய்ச்சலில் நூறு மீட்டர் விழும் அருவி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜெராயின் ஆறுகள் குறுகியவை, செங்குத்தானவை. வீடளவு கருங்கல் பாறைகளுக்கு இடையே படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு குளம் வைத்துவிட்டுப் போகின்றன. தித்தி ஹாயுனில் கீழ்க் குளங்களின் அருகே வரை வண்டி போகும், உடைமாற்றும் அறைகள் உண்டு. முட்டிவலி உள்ள பாட்டிமார்களும் கால் நனைக்கலாம். யான் வட்டாரத்திலேயே இருக்கும் ஸ்ரீ பெரிகி ஏறிப்போக வேண்டிய இடம். ஏற ஏற அருவி உயர்ந்துகொண்டே போகும், மூச்சும் வாங்கும். தூப்பா அமைதியானது, மரநிழல் அடர்ந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் தலைமுறையாக வேன் பேசிக்கொண்டு வந்து இறங்குகிற இடங்கள் இவை.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங், செமெலிங் வழியாக மெர்போக் போக ஏறத்தாழ அரை மணி நேரம். செமெலிங் சாலையில் எயிம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தாண்டினால் மலை மிக அருகே வந்துவிடும். யான் போக இன்னும் கொஞ்சம் நேரம் சேர்த்துக்கொள்ளலாம். பட்டர்வொர்த் தொடங்கி பாடாங் பெசார் வரை ஓடும் கொமூட்டர் ரயில் சுங்கைப் பட்டாணியிலும் குரூணிலும் நிற்கிறது. அங்கிருந்து வாடகை வண்டியில் போய்விடலாம், திரும்புவதுதான் சிக்கல். மெர்போக், யான் பக்கம் கைப்பேசியில் வண்டி அழைத்தால் எளிதில் கிடைக்காது. கொண்டுவந்து விட்ட ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தையும் கூலியையும் பேசி வைத்துக்கொள்வது உத்தமம். காலைப் பசியாறலை சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ தோசை, ரொட்டி சானாய் கடையில் முடித்துக்கொண்டு கிளம்பினால் அருவியில் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியதில்லை.

காலுக்கு என்ன போடுவது? ஜப்பான் சிலிப்பர் வேண்டவே வேண்டாம். பாசி படிந்த கருங்கல்லில் அது சறுக்கும், நீரில் விழுந்தால் மிதந்து போகும், அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பல பிள்ளைகள் ஆழத்தில் விழுகிறார்கள். ஊர்ச் சாமான் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒன்று உண்டு. ‘கம்போங் அடிடாஸ்’ என்று எல்லாரும் செல்லமாகச் சொல்வார்கள். அடியில் குமிழ் குமிழாகப் பல் வைத்திருக்கும். பால்மரம் வெட்டுகிறவர்கள் ஈரச் சரிவுகளில் போட்டு நடந்தது அது. இன்றைக்கு மலையேறுகிறவர்களும் அதையே தேடி வாங்குகிறார்கள். உள்ளே நீர் புகுந்தாலும் உடனே வடிந்துவிடும், பாறையை விடாது.

உடை விஷயத்தில் ஒரு சொல். யான், மெர்போக் ஊர்கள் மலாய்க் கம்பங்கள். டீ சட்டையும் முழங்கால் மூடும் சிலுவாருமாகக் குளிப்பதுதான் இங்கே வழக்கம். மதுப் புட்டிகளை வண்டியிலிருந்து இறக்காமல் இருப்பது கம்பத்து மக்களுக்கான மரியாதை. அதோடு, குடித்துவிட்டு நீரில் இறங்கி வீடு திரும்பாத இளைஞர்களின் கதை நம் சமூகத்தில் போதும் போதும் என்கிற அளவுக்கு உண்டு.

இனி, கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலைமேல் பெய்த பேய்மழையில் சரிவுகள் பல இடங்களில் பிடுங்கிக்கொண்டன. மண்ணும் பாறையும் வேரோடு பெயர்ந்த மரங்களும் ஆற்றோடு சேர்ந்து யான் பக்கம் இறங்கின. உயிர்கள் போயின. வீடுகளும் பாலங்களும் சிதைந்தன, தித்தி ஹாயுன் ஆற்றங்கரை அடையாளம் தெரியாமல் மாறியது, மலைச்சாலையிலும் மண் சரிந்தது. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 4 அன்று, பாலிங் மாவட்டத்தில் கூப்பாங் அருகே கம்போங் இபோயில் இதே போன்ற மலைவெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. மூன்று பேர் மாண்டார்கள்.

இதை மலாய்க்காரர்கள் ‘கெபாலா ஆயிர்’ என்கிறார்கள். நம்மவர்கள் பேச்சிலும் அதே சொல்தான். இது நடப்பது எப்படி என்று புரிந்துகொண்டால் தப்புவதும் எளிது. மேலே பெய்யும் மழை ஒரு குறுகிய பள்ளத்தில் வந்து சேர்கிறது. மரக்கிளையும் சருகும் மண்ணும் ஓர் இடுக்கில் அடைத்துக்கொண்டு தற்காலிக அணையாக நிற்கும். பின்னால் நீர் ஏறிக்கொண்டே போய், அடைப்பு உடையும் நொடியில் எல்லாம் ஒன்றாகப் பாயும். அடைப்பே இல்லாவிட்டாலும், இவ்வளவு செங்குத்தான குட்டை ஆற்றில் மழைநீர் அடிவாரத்துக்கு வந்துசேர அதிக நேரம் பிடிக்காது. குளிக்கிறவர்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கலாம், சுள்ளென்று வெயில் அடிக்கலாம். மழை பெய்வது உச்சியில். மர விதானத்துக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு உச்சி தெரியவே தெரியாது.

அதனால்தான் மலையைப் பார்க்க வேண்டிய இடம் அருவியல்ல, வரும் வழி. பீடோங் சாலையிலோ யான் வயல்வெளியிலோ வண்டியை ஓரங்கட்டி ஒரு நிமிடம் உச்சியைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு மேகம் என்றால் போகலாம். உச்சி கருத்து மூடியிருந்தால் அன்றைக்கு அருவி இல்லை. பிள்ளைகள் அழுதாலும் சரி, யான் கடற்கரைக்குப் போய்விடலாம். முந்தின இரவு கனமழை பெய்திருந்தாலும் அப்படியே. மண் நீரைக் குடித்து நிறைந்திருக்கும்போது சிறுமழையே பெருவெள்ளமாகும்.

கைப்பேசியில் மெட் மலேசியாவின் இடிமழை எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதைவிட நல்லது, அருவி வாசலில் கடை வைத்திருப்பவரைக் கேட்பது. “பாக் சிக், அத்தாஸ் ஹூஜான் கா?” (மேலே மழையா?) என்று கேட்டால் போதும். அவர் மலையைப் பார்க்க மாட்டார், ஆற்றைப் பார்ப்பார். நேற்று நீர் எந்தக் கல்லைத் தொட்டது, இன்று எந்தக் கல்லில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டி “ஜாங்கான்” (வேண்டாம்) என்றால் மறுபேச்சு வேண்டாம்.

பாய் விரிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. கரையிலுள்ள மரங்களின் அடித்தண்டையும் பாறை இடுக்குகளையும் கவனிக்க வேண்டும். காய்ந்த சருகு, குச்சி, பிளாஸ்டிக் பை எந்த உயரத்தில் சிக்கித் தொங்குகிறதோ அதுவரை வெள்ளம் வந்து போயிருக்கிறது என்று பொருள். பாய் அதற்கும் மேலே. வண்டி நிறுத்தும் இடம் இருக்கிற கரையிலேயே உட்கார வேண்டும், ஆற்றைத் தாண்டிய அக்கரை வேண்டாம். ஆற்று நடுவே தட்டையாக, நிழலோடு, நாலு பேர் உட்காரும் வசதியோடு ஒரு பாறை கண்ணில் படும். கண்டிப்பாகப் படும். அதில் மட்டும் உட்காரக் கூடாது.

நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கரையில் நின்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசியை அல்ல, ஆற்றை. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது, இலையும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவது, மண்வாடை, மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல், இவற்றில் ஒன்று போதும். இன்னோர் அடையாளத்தைப் பலர் நல்லதென்று தவறாக நினைக்கிறார்கள். நீர் சட்டென்று குறைவது. மேலே அடைத்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எதைக் கண்டாலும் “ஏறுங்க!” என்ற ஒரே சொல், உடனே பக்கவாட்டில் மேட்டை நோக்கி. ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. செருப்பு, சட்டி, கைப்பை எதற்கும் திரும்பக் கூடாது. அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கும் பக்கத்திலேயே உயரமாக ஏறி உட்கார்ந்து 999 அழைக்க வேண்டும். போம்பா தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி எடுத்துவிடுவார்கள், மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. குளிக்க இறங்கும் முன்பே இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லி, எந்த மேட்டில் கூடுவது என்று விரலால் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

அருவி நேராக விழும் இடத்தில் நீந்துவது வேறொரு ஆபத்து. அங்கே நீரில் காற்றுக்குமிழி நிறைந்து வெளுத்துக் கிடக்கும். குமிழி கலந்த நீர் உடலைச் சரியாகத் தாங்காது, நீச்சல் தெரிந்தவரும் அமிழ்ந்து போவார். பாறைக்கு அடியில் குடைந்த பொந்துகளும் இருக்கும். வெளுத்த நீரை விட்டு விலகி, அடி தெரிகிற பச்சை நீரில் நிற்பதே குளியலுக்குப் போதும்.

மெர்போக் பக்கம் போகிறவர்கள் அருவியோடு நின்றுவிடாமல் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம் இது. முதலாம் இராசேந்திர சோழன் 1025 வாக்கில் படையெடுத்த கடாரம் இந்த மலையடிவாரமும் மெர்போக் ஆற்றுக் கழிமுகமும் சேர்ந்த துறைமுகப் பகுதி என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். வளாகத்துக்குள் இருக்கும் புக்கிட் பத்து பாஹாட் சண்டியை (பழங்காலக் கோயிலை) தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்தார். 1959, 1960 வாக்கில் அலஸ்டேர் லாம்ப் அதைத் திரும்ப எடுத்துக் கட்டினார். விமானத்தின் அடித்தளமும் முன்னே மண்டபமும். மண்டபத்தில் மரத்தூண்கள் நின்ற கல் ஆதாரங்கள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. கூரை போய்விட்டது, கல் நிற்கிறது. மற்ற சில சண்டிகளை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துவந்து இங்கே வைத்திருக்கிறார்கள், இது மட்டும் தன் சொந்த இடத்திலேயே நிற்கிறது.

அந்த இடம் ஓர் ஆற்றங்கரை. சண்டிக்குப் பக்கத்திலேயே மெர்போக் சிற்றாறு பாறைகளில் குதித்து இறங்குகிறது. மண்டபத்தில் நின்றால் அதன் ஓசை கேட்கும். ஆற்றில் கிடக்கும் கருங்கல்லும் கோயிலில் அடுக்கிய கருங்கல்லும் அருகருகே கண்ணில் படும். கோயில் நிற்பது ஆற்று மட்டத்தில் அல்ல, மேட்டில். கட்டியவர்களுக்கும் இந்த மலையின் மழை தெரிந்திருந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. இங்கே கற்கள்மேல் ஏறிப் படம் எடுப்பதையும் சண்டிக்கு அருகே சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

உயரமான அருவியே வேண்டும் என்பவர்களுக்கு லங்காவி இருக்கிறது. கோலக்கெடாவிலிருந்து படகு. தீவின் மேற்கில், மாச்சின்சாங் மலையில் தெலாகா தூஜோ. மேலே ஏழு இயற்கைக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வழிந்து, பிறகு ஏறக்குறைய 90 மீட்டர் பாறைச் சுவரில் நீர் இறங்குகிறது. 2007இல் யுனெஸ்கோ புவிப்பூங்காவாக ஏற்ற தீவு இது. மாச்சின்சாங் மணற்கல் 50 கோடி ஆண்டுக்கும் மூத்தது. கீழிருந்து பார்க்க ஒரு வழி, மேலே குளங்களுக்கு நூற்றுக்கணக்கான படிகள். மேற்குளங்களில் பாறை வழவழவென்று சறுக்குமரம் போலிருக்கும், கடைசிக் குளத்துக்கு அப்பால் அந்தச் சுவர்தான். வேலியைத் தாண்டிப் படம் எடுக்க எந்தக் காரணமும் போதாது. குரங்குகள் பையைப் பறிக்கும், உணவை வெளியே காட்ட வேண்டாம்.

பாலிங் பக்கம் லாத்தா பாயு அருவிக்குப் போகிறவர்கள் அதோடு உலு லெகோங் வெந்நீர் ஊற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அருவியில் குளிர்ந்த உடம்புக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும்.

குப்பை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடுமுறை முடிந்த மறுநாள் இந்த அருவிகளில் போலிஸ்டைரின் பெட்டியும் பிள்ளைகளின் நாப்பியும் பாறைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கும். பிரியாணி சட்டியோடு வருகிற குடும்பம் இரண்டு பெரிய குப்பைப் பைகளையும் கொண்டுவர வேண்டும். ஒன்று தன் குப்பைக்கு, ஒன்று முன்னால் வந்தவர் விட்டுப்போனதற்கு. இதில் நாற்றத்தைவிடப் பெரிய பிரச்சினை எலி. மீந்த சோறு எலியை வரவழைக்கும், எலியின் சிறுநீர் நீரில் கலக்கும், காலில் ஒரு சிராய்ப்பு இருந்தால் எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோயின் கிருமி உள்ளே போகும். 2010இல் பகாங் மாநிலம் லூபோக் யூ அருவியில், மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே இந்த நோயும் மண்ணில் வாழும் இன்னொரு கிருமி தரும் மெலியோய்டோசிசும் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். கெடாவின் வயல் மண்ணிலும் மெலியோய்டோசிஸ் கிருமி உண்டு. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும், நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு.

ஆகவே ஆறாத புண்ணோடு நீரில் இறங்க வேண்டாம், ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம், கலங்கிய நீரில் முகத்தை அமிழ்த்த வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அட்டை கடித்த இடத்தையும் சிராய்ப்பையும் கழுவி மருந்து தடவ வேண்டும். போய்வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் பனடால் போட்டுப் படுத்துவிடாமல் கிளினிக்குக்குப் போய், எந்த அருவியில் எந்தத் தேதியில் குளித்தது என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். டெங்கி என்று மட்டும் எண்ணிவிடாமல் சரியான இரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதித்தர அந்தத் தகவல் உதவும்.